தண்ணியக் கேளுங்க: முடிச்சுக் கயிறு சொல்ற கணக்கு

போன இதழ்ல "தண்ணியப் பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரி தாங்க போட்டோம், அதுக்கு இவ்வளவு கடுதாசி வரும்னு நெனக்கல, வாட்ஸப்புலயும் கொட்டித் தீத்துட்டீங்க. பாதி மேட்டூரப் பத்தி, கால்வாசி போர்வெல்லப் பத்தி, மிச்சம் திட்டு. திட்டுனவங்களுக்கு அடுத்த இதழ்ல வர்றேன்.

*கேள்வி: மேட்டூர் டேம் எங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேர பஸ் தூரம். டேம் ரொம்பி வழியுதுன்னு டிவில காட்டுற அன்னிக்கும் எங்க தெருக்குழாய்ல காத்து தான் வருது. இது என்னங்க நியாயம்?*
*– கல்லூரி மாணவர், சூரமங்கலம்*

நியாயம் இல்ல தம்பி, ஆனா காரணம் இருக்கு. மொதல்ல ஒரு கணக்கு போடுவோம், பேப்பர் எடுத்துக்கோ. மேட்டூர் 120 அடி ரொம்புனா 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி, லிட்டர்ல சொன்னா 2,831 கோடி. 10 லட்சம் பேர் இருக்கற ஊருன்னு வெச்சுக்க, நகரத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கமே ஒரு அளவு வெச்சிருக்கு, அத 365 நாளைக்குப் பெருக்குனா வருஷத்துக்கு 1.75 டிஎம்சி கூட வராது. அப்ப டேம்ல தண்ணி பத்தலைங்கற பேச்சுக்கே எடமில்ல, நம்ம டவுனு குடிக்கறது அதுல ஒரு மூலை.

பின்ன ஏன் வரலன்னா, இத நம்மாளுங்க பாதிப் பேரு யோசிச்சே பாத்திருக்க மாட்டாங்க, டேம் கீழ இருக்கு, சேலம் மேல இருக்கு. டேம் முழுசா ரொம்பி நிக்கறப்ப தண்ணி மட்டம் கடல் மட்டத்துலேர்ந்து 790 அடி, நம்ம டவுனு 900 அடிக்கு மேல. அதனால தஞ்சாவூருக்குத் தண்ணி தானா இறங்கிப் போவும், அம்மாம்பெரிய டேம்ம வெச்சிருக்கற நமக்கு மோட்டார் போட்டு ஏத்தணும். கரண்ட் போனா, வழியில பைப் ஒடஞ்சா, மேல்நிலைத் தொட்டி பத்தலைன்னா, அன்னிக்கு உங்க தெரு அம்பேல். டேம் வழியறதுக்கும் குழாய் வர்றதுக்கும் சம்மந்தமே இல்ல.

டேம்ல இருக்கறதுல பெரும்பங்கு டெல்டாவுக்கு. ஜூன் 12 தொறக்கறது வழக்கம். ஆனா 2023ல தண்ணி போதாம அக்டோபர்லயே மூடுனாங்க, 2024ல தேதி தள்ளிப்போய் ஜூலை 28 தான் தொறந்தாங்க. 2018ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல தமிழ்நாட்டுக்கு 404.25 டிஎம்சின்னு வந்துச்சே, அதுல கர்நாடகா எல்லையத் தாண்டி பிலிகுண்டுலுவுல வந்து சேர வேண்டியது 177.25 தான், மிச்சம் நம்ம பக்கம் பேயற மழையும் மத்ததும். நம்ம பங்கக் கொறச்சப்ப, பூமிக்கடியில நமக்கு இருக்கற தண்ணி ஒரு 10 டிஎம்சியயும் கணக்குல எடுத்துக்கிட்டாங்க. ஆத்துத் தண்ணிக்கு இப்படி புள்ளி வெச்சு சண்டை போடறோம். கிணத்துத் தண்ணிக்கு ஒரு புள்ளியும் கெடையாது. அது அடுத்த கேள்வில.

*கேள்வி: 3 ஏக்கர் பாக்குத் தோப்பு. 4 போர் போட்டாச்சு, கடைசியா போட்டது 1,000 அடி, பொக பொகயா மண்ணு தான் வந்துச்சு. இப்ப ஒருத்தர் தேங்கா வெச்சு நீரோட்டம் பாத்து, வடகிழக்கு மூலைல நிச்சயம் இருக்குங்கறார். ரிக் வண்டிக்குச் சொல்லட்டுமா?*
*– விவசாயி, வாழப்பாடி பக்கம்*

சொல்லாதீங்கண்ணா. தேங்கா பாக்கறவர் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, எங்க அப்பாவும் கூட்டிட்டு வந்து பாத்தவர் தான், உள்ளங்கைல தேங்கா நட்டுக்கிட்டு நிக்கறத நானும் வாயப் பொளந்து பாத்துருக்கேன். ஆனா அந்த மூலைல தண்ணி இருந்தாலும் அது உங்க பழைய 4 போருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் போயிட்டிருந்த அதே தண்ணி தான்.

நம்ம சேலம் ஜில்லா முச்சூடும் கெட்டிப் பாறை. மண்ணுக்குக் கீழ மக்குன பாறை கொஞ்சம், அதுக்கும் கீழ நல்ல பாறை, அங்கங்க வெடிப்பு. ஆத்தோரத்து மணல் மாதிரி தண்ணிய உறிஞ்சி வெச்சுக்கற பூமி இல்ல இது, நூறு பங்கு பாறைல 1லேர்ந்து 3 பங்கு தான் தண்ணி நிக்க எடம் இருக்கும். இப்ப பாருங்க, வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை பேயுது, நூத்துக்கு 10 பங்கு உள்ள எறங்குதுன்னு வெச்சுக்கிட்டா 9 சென்டிமீட்டர், அதாவது நாலஞ்சு வெரக்கடை. எடம் 2 பங்கு தான்ங்கறதால அந்த நாலஞ்சு வெரக்கடைத் தண்ணி கிணத்துல 15 அடி ஏறுன மாதிரி தெரியும். நாம "அட, கிணறு ரொம்பிப் போச்சு"ன்னு குளுந்து போயி மோட்டாரப் போட்டா, ஏறுன வேகத்துலயே எறங்கிரும். 1,000 அடில தண்ணி கெடச்சாலும் அது பழைய வெடிப்புல பல காலமா தேங்கி நின்னது, ஒரு சீசன் ஓடும், அப்பறம் "மோட்டார் தான் சரியில்ல"ன்னு மெக்கானிக்க வையுவோம்.

எங்க குடும்பக் கிணறு பனமரத்துப்பட்டி பக்கம், 72 அடி. 1983 பஞ்சத்தப்ப எங்க அப்பா ஒரு கயித்துல ரெண்டு மொழத்துக்கு ஒரு முடிச்சுன்னு போட்டு, நுனில ஒரு பெரிய நட்டைக் கட்டி, அமாவாசைக்கு அமாவாசை உள்ள விடுவார். "டொப்பு"ன்னு சத்தம் வர்றப்ப கைல எத்தினியாவது முடிச்சுன்னு பாத்து காலண்டர் தாள் பின்னாடி எழுதுவார், அவ்வளவு தான். மூணடிக்கு ஒரு முடிச்சு, மொத்தம் 24 முடிச்சுக் கிணறு. அந்தத் தாளுங்கள எல்லாம் ஒரு தகர டப்பால வெச்சிருக்கோம். முடிச்சு கொறஞ்சா தண்ணி மேல இருக்குன்னு அர்த்தம். 80கள்ல ஐப்பசி கார்த்திகைல 4, 5ன்னு இருக்கும், கோடைல 14. இப்பல்லாம் நல்ல மழைக்கப்பறமே தண்ணி 10ஆவது முடிச்சத் தாண்டி மேல ஏற மாட்டேங்குது, சித்திரைல கயிறு தரையத் தட்டுது.

எங்க தாத்தா காலத்துல கவலை ஓட்டுனாங்க. மாடு ரெண்டும் பின்னால நடந்து முன்னால நடந்து சால்ல தண்ணி எறைக்கும், வெயில் ஏறுனா மாடு களைச்சுரும், அவுத்து விட்டுருவாங்க. அந்தக் களைப்பு தாங்க அன்னிக்கு மீட்டரு. அப்பறம் ஆயில் இன்ஜின், டீசல் காசு கொஞ்சம் கையக் கட்டுச்சு. அப்பறம் கரண்ட் மோட்டாரு, 1990லேர்ந்து விவசாயத்துக்கு இலவசக் கரண்ட், இப்ப போருக்குள்ள நீர்மூழ்கி மோட்டாரு. களைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. இலவசக் கரண்ட எடுத்துரணும்னு நான் சொல்லல, சொன்னா எங்க வீட்லயே சோறு கெடைக்காது. எத்தன லிட்டர் எடுத்தோம்னு ஒரு கணக்காவது இருக்க வேண்டாமான்னு தான் கேக்கறேன்.

சட்டமும் அப்படித்தான். 1882ல போட்ட ஈஸ்மென்ட் சட்டத்துலேர்ந்து நெலம் யாரோடதோ கீழ இருக்கற தண்ணியும் அவரோடது. தமிழ்நாட்டுல நிலத்தடி நீருக்குன்னே 2003ல ஒரு சட்டம் போட்டாங்க, ஒழுங்கா நடைமுறைக்கே வராம 2013ல அதையும் ரத்து பண்ணிட்டாங்க.

சரி நீங்க என்ன பண்ணலாம்? மொதல்ல காஞ்சு போன 4 போரு வாயயும் இன்னிக்கே மூடி போட்டு அடைங்க, கொழந்தைங்க வெளயாடற எடம், மத்ததெல்லாம் அப்பறம். அதுல எதாவது ஒண்ணு நல்ல வெடிப்புல இருந்தா, ஜல்லி மணல் போட்டு வடிகட்டித் தொட்டி கட்டி மழைத் தண்ணிய உள்ள விடலாம், தோப்புல ஓடற கலங்கத் தண்ணிய நேரா விடக் கூடாது, இருக்கற வெடிப்பும் அடச்சுக்கும். பாக்குக்கு சொட்டு நீர் போடுங்க, மரத்தடில மட்டைய பரப்பி விடுங்க. அப்பறம் பக்கத்துத் தோட்டக்காரங்களோட உக்காந்து பேசுங்க, இது தான் இருக்கறதுலயே கஷ்டம்னு எனக்கும் தெரியும், வரப்புத் தகராறே தீராத எடத்துல தண்ணித் தகராறு எங்க தீரும். ஆனா மகாராஷ்டிராவுல ஹிவ்ரே பஜார்னு ஒரு ஊரு, மழை நமக்குப் பேயறதுல பாதி கூட வராது, அவங்க வருஷா வருஷம் மழையயும் கிணத்து மட்டத்தயும் அளந்து, இந்த வருஷம் இவ்வளவு தான் இருக்கு, இன்ன பயிர் தான்னு கிராமசபைல முடிவு பண்றாங்க. பாசனத்துக்கு போர் போடறதே இல்ல. அங்கயும் பங்காளிங்க தானே இருப்பாங்க.

*கேள்வி: எங்க வீட்டுத் தண்ணி டிடிஎஸ் 1,400. ஆர்ஓ மெஷின் வெச்சா பாதிக்கு மேல சாக்கடைக்குப் போவுது, மனசு கேக்கல.*
*– குடும்பத் தலைவி, அஸ்தம்பட்டி*

டிடிஎஸ்ங்கறது ஒரு லிட்டர் தண்ணில கரஞ்சிருக்கற உப்பு எத்தன மில்லிகிராம்ங்கற கணக்கு. 500க்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கறது நம்ம நாட்டு ஸ்டாண்டர்டு. ஆர்ஓ தண்ணிய குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் மட்டும் வெச்சுக்கங்கக்கா. கழிவுத் தண்ணிய ஒரு டிரம்முல புடிச்சு பாத்ரூமுக்கும் தரை தொடைக்கவும் ஊத்துங்க, செடிக்கு வேண்டாம், உப்பு ஏறி மண்ணு வெளுத்துரும். ஒரு தடவ லேப்ல குடுத்து ஃப்ளோரைடும் பாத்துருங்க, நம்ம பக்கம் சில எடத்துல அது உண்டு, டிடிஎஸ் மீட்டர் அதக் காட்டாது.

*கேள்வி: மலை மேல இருக்கோம். கீழ டவுன விட எங்களுக்கு மழை ஜாஸ்தி. ஆனா மாசி பங்குனி ஆனா ஊத்துல சொட்டு சொட்டா வருது, ஒரு கொடம் ரொம்ப அரை மணி நேரம் குந்தியிருக்கோம். மேல பேயற மழையெல்லாம் எங்கங்க போவுது?*
*– காபித் தோட்டத் தொழிலாளி, ஏற்காடு*

உங்க கேள்வி தான் இந்தத் தடவ வந்ததுலயே என்னைய உக்கார வெச்ச கேள்வி. ஏற்காட்டுக்கு வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர ஒட்டி மழை, கீழ டவுனுக்கு 900, 1,000. ஒரு ஆவணி மாசம் மழையில 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி வந்தேன், ஒவ்வொரு வளைவுலயும் தண்ணி ரோட்டக் குறுக்க அறுத்துக்கிட்டு செம்மண் கலர்ல பாயுது. கிளியூர் அருவில ரெண்டு நாள் சத்தம், டூரிஸ்ட் செல்ஃபி, அப்பறம் பாறை தான் தெரியும். உங்க மழை அப்படித்தான் போவுது, எறங்கற சரிவு, நிக்க நேரம் இல்ல.

ஊத்துங்கறது என்ன, மேல இருக்கற மண்ணுலயும் மக்குன பாறைலயும் மழை மெல்ல எறங்கி, கீழ கெட்டிப் பாறை தடுத்ததும் பக்கவாட்டுல வழி பாத்து கசியறது. மேல மரமும் இலைச் சருகும் இருந்தா மழை நின்னு எறங்கும். மேல ஒரு விடுதி கட்டி காங்க்ரீட்டும் பார்க்கிங்கும் போட்டா மழை வழுக்கிக்கிட்டு ஓடிரும், அதோட அந்த விடுதிக்கு ஒரு போர் போட்டா ஊத்துக்கு வர வேண்டியதயும் அதே எடத்துல உறிஞ்சிரும். ஊத்துக்கு வேலி போட்டு சிமெண்டுத் தொட்டி கட்டிக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க, வேலை ஊத்துகிட்ட இல்ல, அதுக்கு மேல இருக்கற சரிவுல.

சிக்கிம்ல 2008 வாக்குல தாரா விகாஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஊத்துக்குத் தண்ணி எந்த சரிவுலேர்ந்து வருதுன்னு கண்டுபுடிச்சு, அங்க மலைச்சரிவுக்குக் குறுக்க சின்னச் சின்னதா பள்ளம் வெட்டி மழைய நிறுத்துனாங்க, காஞ்சு போன ஊத்து சிலது திரும்ப வந்துச்சு. நம்ம மலைலயும் பாறை எப்படி சாஞ்சிருக்குன்னு பாக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து பாத்தா செய்யலாம். அது வரைக்கும் நீங்க ஒண்ணு பண்ணுங்கக்கா, ஒரு கொடம் ரொம்ப எத்தன நிமிஷம்னு வாரா வாரம் குறிச்சு வைங்க. "அரை மணி நேரம்"னு சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க, தேதி போட்டு 12, 18, 31ன்னு நோட்டுல காட்டுனா ஆபீசர் கண்ணாடிய எடுத்து மாட்டுவார்.

இன்னொண்ணு, உங்க ஊத்துப் பிரச்சன உங்களோட நிக்கறதில்ல. திருமணிமுத்தாறும் சரபங்காவும் உங்க மலைலேர்ந்து தான் பொறக்குது.

*கேள்வி: எங்க பாட்டி திருமணிமுத்தாத்துல குளிச்சு துணி தொவச்சேன்னு சொன்னா எம் பையன் சிரிக்கறான். அவன் பாத்தது கருப்பா ஓடற சாக்கடை தான். திரும்ப ஆறாகுமா?*
*– வாசகி, அம்மாப்பேட்டை*

பாட்டி சொல்றது நெசம். சேர்வராயன் மலைலேர்ந்து எறங்கி, டவுனு நடுவுல போயி, நாமக்கல் ஜில்லால காவிரில சேர்ற ஆறுங்க அது. வருஷத்துல முக்காவாசி நாள் அதுல ஓடறது மழைத் தண்ணி இல்ல, நாம வுட்ட தண்ணி தான், அதுல சாயத் தண்ணி வேற. கரைய அழகு பண்ணி லைட் போட்டா ஆறு திரும்பாது. வீட்டுக் கழிவும் பட்டறைக் கழிவும் சுத்தம் பண்ணாம உள்ள வரக் கூடாது, அது மொத வேலை. ரெண்டாவது, மலைலேர்ந்து வர்ற ஓடையெல்லாம் ஏரி ஏரியா ரொம்பி, வழிஞ்சு, அப்பறம் ஆத்துக்கு வரணும். நம்ம பெரியவங்க கட்டுன வரிசை அது, நடுவுல ஒரு ஏரிய பஸ் ஸ்டாண்டா மாத்துனா கீழ இருக்கற எல்லாம் பட்டினி.

நடக்காதுன்னும் சொல்ல முடியாது. கன்னங்குறிச்சி மூக்கனேரிய 2010ல சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் ஆளுங்க எறங்கி தூர் வாரி, அந்த மண்ணயே நடுவுல திட்டுத் திட்டா போட்டு மரம் வெச்சாங்க, இப்ப காலைல போனா அந்தத் திட்டுல கொக்கும் நாரையும் அடையறத பாக்கலாம். பையனக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கெழம போங்க.

*கேள்வி: 565 கோடில மேட்டூர் உபரித் தண்ணிய 100 ஏரிக்கு விடறோம்னாங்க. நல்ல திட்டமா, இல்லையா? ஒரே வார்த்தைல.*
*– வாசகர், ஓமலூர்*

ஒரே வார்த்தைல முடியாது, ரெண்டு வாக்கியம். டேம் வழிஞ்சு கடலுக்குப் போறப்ப ஏத்தி ஏரில விட்டா கிணறு ஊறும், அது நல்லது தான். டேம் வழியாத வருஷம் உங்க ஏரிக்கு உங்க ஊரு ஓடை மட்டும் தான், அதத் தூர்த்து வீடு கட்டிட்டா 565 கோடி என்ன பண்ணும்.

*கேள்வி: இன்னும் கொஞ்ச வருஷத்துல நாட்டுலயே தண்ணி தீந்துரும்னு வாட்ஸப்புல தெனம் வருது. நான் கணக்கு வாத்தியார். பயமுறுத்தாம நம்பர் மட்டும் சொல்லுங்க.*
*– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆத்தூர்*

சார், வணக்கம். அந்த ஃபார்வர்டுக்கு ஒரு தாத்தா உண்டு. 2018ல நிதி ஆயோக் அறிக்கைல 2020க்குள்ள 21 நகரத்துல நிலத்தடி நீர் தீந்துரும்னு வந்துச்சு. 2020 வந்துச்சு, போச்சு, அந்த வாக்கியம் மட்டும் வருஷத்த மாத்திக்கிட்டு இன்னும் சுத்துது. தண்ணி அப்படி ஒரு நாள்ல தீராது சார், ஏழைக்கு மொதல்ல தீரும், காசு இருக்கறவனுக்கு லாரில வரும்.

நம்பர்: ஒலக மக்கள்ல 18 சதவீதம் நாம, நல்ல தண்ணில நம்ம பங்கு 4 சதவீதம். தலைக்கு வருஷத்துக்கு 1951ல 5,177 கன மீட்டர், 2011ல 1,545. 1,700க்குக் கீழ போனா நெருக்கடி, 1,000க்குக் கீழ போனா பஞ்சம்னு ஒலகக் கணக்கு. மழை கொறஞ்சதால இல்ல சார், வகுக்கற எண்ணு பெருசாச்சு. நிலத்தடி நீர் 2024 கணக்குப்படி வருஷத்துக்கு எடுக்கத் தக்கது 406 பில்லியன் கன மீட்டர், எடுக்கறது 246, அதாவது 60 சதவீதம். கேக்க நல்லா இருக்கும், ஆனா சராசரி எப்படி ஏமாத்தும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, பஞ்சாப்ல 150 சதவீதத்துக்கு மேல, ஊறறத விட ஒண்ணரை மடங்கு எடுக்கறாங்க. எடுக்கறதுல 87 சதவீதம் விவசாயத்துக்கு. அதனால பல்லு வெளக்கறப்ப குழாய மூடுங்கங்கறது நல்ல பழக்கம், ஆனா கணக்க மாத்தப் போறது வயல்ல.

2019 கோடைல மெட்ராஸ்ல நாலு ஏரியும் காஞ்சு, ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல 50 வேகன், ஒரு ட்ரிப்புக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டு போனாங்க. அதுவும் காவிரித் தண்ணி தான் சார். அதே ஊருல அதுக்கு நாலு வருஷம் முந்தி, 2015ல வெள்ளம்.

*கேள்வி: 1,000 சதுர அடி மொட்ட மாடி. மழைநீர் தொட்டி கட்டுனா எவ்வளவு தேறும்?*
*– வாசகர், ஜாகீர் அம்மாபாளையம்*

1,000 சதுர அடி 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். 900 மில்லிமீட்டருக்கு 83,700, சிதறல் கழிவு போக 65,000 தேறும். 12,000 லிட்டர் லாரில அஞ்சு லோடுக்கு மேல, ஓசியில. 2003லயே கட்டாயம்னாங்க, அப்ப கட்டுன குழி பாதி வீட்ல இப்ப செருப்பு வைக்கற எடமா இருக்கு. உங்களுது இருந்தா மூடியத் தெறந்து பாருங்க, புரட்டாசிக்கு முன்னால மணலயும் ஜல்லியயும் வெளிய எடுத்து அலசிப் போடுங்க. மொத மழைய மட்டும் வெளிய விடுங்க, மாடில காக்கா எச்சம் இருக்கும்.

*கேள்வி: எங்க ஸ்கூல்ல பழைய கிணறு இருக்கு, கம்பி வலை போட்டு மூடியிருக்காங்க. நான் ஒரு ப்ராஜெக்ட் பண்ணணும். ஐடியா சொல்லுங்க.*
*– 9ஆம் வகுப்பு மாணவி, வீரபாண்டி*

கண்ணு, வலைய தெறக்க வேண்டாம், கிட்ட எட்டிப் பாக்கவும் வேண்டாம், டீச்சரக் கூட வெச்சுக்கோ. நூல் கயிறு வேண்டாம், நனஞ்சா சுருங்கும், நைலான் வாங்கு. மூணடிக்கு ஒரு முடிச்சு, நுனில வலை ஓட்டைல நுழையற மாதிரி ஒரு நட்டு. மோட்டார் ஓடி நின்ன ஒடனே அளக்காத, காலைல மொத வேலையா அள, எப்பவும் ஒரே எடத்துலேர்ந்து விடு. தேதி, முடிச்சு, முந்தின வாரம் மழை இருந்துச்சா இல்லையா, இந்த மூணு போதும். ஆடி அமாவாசைலேர்ந்து தை அமாவாசை வரைக்கும் எழுதி எனக்கு அனுப்பு, எங்க அப்பா தாளோட பக்கத்துல வெச்சு இதே பக்கத்துல போடறேன். எங்களுது இந்த மாசம் 19.